ஒரு சாண் டாக்ஸி

என் நாத்தனார் செய்த காருக்குப் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் அபராதம் போட்டிருக்கிறார். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியிருந்தாளாம். அந்தக் காரின் நீளம் ஒரு சாண்.

சரி, சரி. அபராதம் போடவில்லை. நடைபாதை ஓரத்தில் அதை வைத்து அவள் அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வழியாக வந்தவர் குனிந்தார், நம்பர் பிளேட்டைப் படித்தார், "லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனாலும் அபராதம் என்றால்தானே கேட்க நன்றாக இருக்கிறது? என் வீட்டில் நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியில் பாதியைத்தான் நம்புவார்கள். இதில் நான் கூட்டியது போலீஸ்காரரின் அபராதம் ஒன்றுதான். மற்றதைக் கூட்டிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் கடைசித் தங்கை. பல் செட் செய்யும் லேப்பில் வேலை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அங்கே பிளாஸ்டர் கலக்கும் கிண்ணம் கழுவப் போனவள், கழுவிக் கழுவியே தொழிலையும் கற்றுக்கொண்டாள். இப்போது ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவள் கைவேலையால்தான். லேப்பில் அவளுக்குப் பெயர் பல்லம்மா.

பல்லம்மாவுக்குக் கார் பொம்மை செய்யும் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஒருமுறை கேட்டேன்.

"பொம்மைன்னு சொல்லாதீங்க அண்ணி, எரிச்சலா வருது" என்றாள் முதலில். பிறகு சொன்னாள்: "நான் செய்யற பல் செட்டு நல்லா இருக்குன்னா, அது பல் செட்டுன்னே யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் தோத்தேன். நாள் முழுக்க யார் கண்ணுக்கும் தெரியாத வேலையே செஞ்சா, ஒண்ணாவது நாலு பேர் பார்க்கற மாதிரி செய்யணும்னு தோணாதா?"

நிஜக் காரைவிட இருபத்துநாலு மடங்கு சிறியதாக இருக்கும் அவள் கார். முதலில் பிளாஸ்டரில் உடலைச் செதுக்குவாள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு உறை செய்ய, பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சின் மேல் உறிஞ்சிப் படியவைக்கும் மெஷின் ஒன்று லேப்பில் உண்டு. அதில் தன் கார் அச்சை வைத்து எடுத்தால் மெல்லிய ஓடு ஒன்று வந்துவிடும். மாத்திரை அட்டையின் குமிழ் ஹெட்லைட் ஆகும். சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள் பம்பர் ஆகும். பழைய கைப்பை சீட் ஆகும். அந்தக் கைப்பை என்னுடையது. பழையது என்பது அவள் கட்சி.

"டயர் முழு வட்டமா இருக்காது அண்ணி. தரையில படற இடத்துல, பாரம் தாங்காம கொஞ்சம் பிதுங்கி உட்கார்ந்திருக்கும். அதை அராவித் தட்டையாக்கலைன்னா கார் தரையில நிக்காது, மிதக்கும்" என்பாள். நிறத்தையும் நிஜத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பாகத்தான் கலக்க வேண்டுமாம். சின்னப் பொருளில் அதே நிறத்தை அப்படியே அடித்தால் கறுத்துத் தெரியுமாம்.

இவளுடைய ஒவ்வொரு காருக்கும் பரீட்சை வைப்பவர் ஒருவர் உண்டு. அவள் புருஷன். டாக்ஸி டிரைவர். பேச ஆரம்பித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும் என்பதால் ஸ்டாண்டில் அவர் பெயர் ஹாரன். அவள் ஒரு காரை முடித்து மேஜையில் வைத்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வருவார்.

"வைப்பர் தப்பான பக்கம் படுத்திருக்கு."

"எங்க?"

"எங்கவா? இதோ. மழை வந்தா டிரைவருக்கு ரோடு தெரியாது. பக்கத்து சீட்டுக்காரன்தான் ஓட்டணும்."

அவள் வாயைச் சுளித்துக்கொண்டே பிய்த்துத் திரும்ப ஒட்டுவாள். அவர் குறை கண்டுபிடிக்காத கார் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. அவருடைய சொந்தக் காரை மட்டும் அவள் செய்ததே இல்லை. பாசிப் பச்சை நிறத்துப் பழைய வண்டி அது. கூரைமேல் மஞ்சள் டாக்ஸிப் பெட்டி. அதைச் செய்யட்டுமா என்று அவள் கேட்டபோதெல்லாம் மறுத்துவிட்டார்.

"உசிரோட இருக்கறவனுக்குச் சிலை வைக்கற மாதிரி இருக்கும். வேண்டாம்."

மழை பெய்த ஒரு காலை, மேம்பால இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று அந்தப் பாசிப் பச்சை வண்டியின் முகத்தில் வந்து ஏறியது. இரும்பை அறுத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள். வண்டியில் வேறு யாரும் இல்லை. இடது பாதம் நசுங்கிப்போயிருந்தது. தைத்தார்கள், கட்டினார்கள், ஊசி போட்டார்கள். பாதம் கறுத்தது. கறுப்புக்கு மேலே சிவப்பு, சிவப்புக்கு மேலே காய்ச்சல்.

டாக்டர் வயதில் சின்னவர், நிதானமானவர். அந்தச் சிவப்பு நின்ற இடத்தில், கெண்டைக்காலைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"விஷம் இதைத் தாண்டி மேல ஏறுதான்னு பார்க்கத்தான் இந்தக் கோடு. இப்பவே வெட்டி எடுத்துட்டா முட்டி மிஞ்சும். தள்ளிப்போட்டா முட்டியும் போகும். அதுக்கும் மேல தள்ளிப்போட்டா..." என்று நிறுத்திக்கொண்டார். அப்புறம், "அவருக்கு நினைவு தெளிவா இருக்கு. அவர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் நாங்க தொட முடியும்" என்றார்.

அவரோ காலைப் பற்றிப் பேசவே இல்லை. கேட்டது ஒரே கேள்வி.

"கார் எங்க?"

நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். பிறந்ததிலிருந்து பொய் சொல்லாத மனுஷன். வாழ்நாளில் முதல் பொய்யைச் சொல்ல அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

"கார் நல்லா இருக்கு மாப்பிள்ளை. ஹெட்லைட் ஒண்ணு மட்டும் உடைஞ்சிருக்கு. வீட்டு வாசல்லதான் நிக்குது."

"எந்தப் பக்க ஹெட்லைட்?"

"அது வந்து... இடது."

கட்டிலில் இருந்தவரின் கண்ணில் அன்றுதான் முதன்முதலாக ஏதோ அசைந்தது.

"நம்ம ஸ்டாண்டுல ஒத்தக்கால் பெரியவர் ஒருத்தர் இருக்காரு மச்சான். கிளட்சைக் கைக்கு மாத்திக்கிட்டு ஜம்முன்னு ஓட்டறாரு. கார் இருக்குன்னா வெட்டட்டும். நானும் அப்படி ஓட்டிக்குவேன்." மூச்சு வாங்கியது. "கார் இல்லைன்னா ஒண்ணும் வேண்டாம். ஒருத்தர் தூக்கி உட்கார வெச்சு, ஒருத்தர் குளிப்பாட்டி... அதுக்கா வெட்டணும்? இப்படியே விட்டுடுங்க."

"அதான் கார் இருக்குன்னு அண்ணன் சொல்றாரே. போடுங்க கையெழுத்தை" என்றாள் நாத்தனார்.

"போட்டோ எடுத்துட்டு வா. வாசல்ல நிக்கணும். உடைஞ்ச ஹெட்லைட் தெரியணும். பழைய போட்டோவக் காட்டி ஏமாத்தலாம்னு பார்க்காதீங்க, எனக்குத் தெரியும்."

நான் குனிந்து, "தம்பி, நானே என் கண்ணால பார்த்தேன்" என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, நீங்க சொன்னா இருக்கற காரும் இல்லாம போயிடும். போட்டோ வேணும்."

வெளியே நடைவழியில் என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து நின்றார். "வாயில வந்துடுச்சும்மா. அவர் முகத்தைப் பார்த்தேன், வந்துடுச்சு."

"அதே மாதிரி வேற வண்டி ஒண்ணு இரவல் வாங்கி..." என்றேன்.

"அந்த மாடல் இப்ப ரோட்டுலயே இல்ல அண்ணி. இருந்தாலும் பின்கதவுல அவர் போட்ட ஒட்டு இருக்கணும், பம்பர்ல அந்த வளைவு இருக்கணும். கண்டுபிடிச்சுடுவார்." அவள் தன் விரல்களைப் பார்த்தாள். "செஞ்சுடறேன்."

"என்னத்தை?"

"காரை."

செல்போனில் படத்தை வெட்டி ஒட்டுவதெல்லாம் வராத காலம் அது. படம் என்றால் கேமராவுக்கு முன்னால் ஏதாவது நிற்க வேண்டும்.

போலீஸ் நிலையத்துப் பின்கட்டில் கிடந்தது வண்டி. நானும் கூடப் போனேன். முன்பாதி கசக்கி எறிந்த காகிதம் மாதிரி இருந்தது. அவள் அந்தப் பக்கமே பார்க்காமல், பல்லின் அகலம் பார்க்கும் கவைக்கருவியைக் கொண்டு பின்பாதியை அளந்தாள். கதவின் இடுக்கு, கைப்பிடியின் வளைவு, ஒட்டுப் போட்ட இடம். பிறகு சின்னக் கத்தியால் கொஞ்சம் பெயின்டைச் சுரண்டி டப்பாவில் போட்டுக்கொண்டாள். திரும்பும்போதுதான் அது கண்ணில் பட்டது. பெடலுக்கு அடியில் நசுங்கிய இடது செருப்பு. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தூக்கப் போனேன்.

"விடுங்க அண்ணி. உட்கார்ந்தபடியே டயரையும் அளந்துடறேன்" என்றாள்.

லேப் முதலாளி நல்லவர். தன் மேஜையையே காலி செய்து கொடுத்தார். பல்லுக்குக் காத்திருந்தவர்களிடம் ஏதோ சமாதானம் சொன்னார். ஊரில் சிலர் கொஞ்சநாள் ரொட்டியை நனைத்துத் தின்றிருப்பார்கள். அவள் பிளாஸ்டரைச் செதுக்க ஆரம்பித்தாள். மாதக்கணக்கில், ஆசை ஆசையாக, பாதியில் நிறுத்தி, மனசு வந்தபோது தொட்டுச் செய்கிற வேலை அது. இப்போது ஒரு மனுஷனின் காலில் இருக்கும் பேனாக் கோட்டோடு போட்டி போட்டுச் செய்ய வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கும் லேப்புக்கும் நடுவில் ஓடுவது என் வேலை. நான் உள்ளே நுழைந்ததும் தலையை நிமிர்த்தாமலே கேட்பாள்.

"கோடு?"

"கோட்டுக்குள்ளதான் இருக்கு."

"அண்ணி. இதுல மட்டும் கூட்டிக் குறைச்சுச் சொல்லாதீங்க."

"சத்தியமா கோட்டுக்குள்ளதான் இருக்கு."

அடுத்த முறை நான் ஓடியே உள்ளே வந்தேன். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒரு விரலைக் காட்டினேன். சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் ஏறியிருந்தது.

அன்றைக்குத்தான் அவசரப்பட்டாள். ஓட்டின் மேல் அடிப்பூச்சு அடித்திருந்தாள். அது முழுக்கக் காய வேண்டும். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். உள்ளே ஈரம் இருக்கும். இதை எனக்கே பலமுறை வகுப்பெடுத்தவள், அன்றைக்கு அதன் மேல் பச்சையை அடித்துவிட்டாள். எங்கள் கண்ணெதிரே பச்சை சுருங்கியது. கூரை, கதவு, பானெட் எல்லாம் வெந்த தோல் மாதிரி சுருக்கம் சுருக்கமாக எழும்பியது.

அவள் அதைக் கையில் எடுத்து மேஜைக்கு அடியில் இருந்த குப்பைக்கூடையில் மெதுவாக வைத்தாள். பிறகு மேஜையில் நெற்றியை முட்டிக்கொண்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை நான் என் கையை நடுவில் வைத்தேன். எனக்குக் கை வலித்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"என்னால முடியாது அண்ணி. அவர் சாகப்போறார். நான் இங்க உட்கார்ந்து சொப்பு செஞ்சுக்கிட்டிருக்கேன்."

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். கெஞ்சிக் கையெழுத்து வாங்கிவிடுவது என்று கிளம்பினாள். டாக்டர் இரண்டாவது கோடு போட்டிருந்தார். முதல் கோட்டைவிட மேலே, முட்டிக்குக் கிட்டத்தில். கட்டிலில் அவள் புருஷன் கண்ணை மூடியிருந்தார். அவள் கையைப் பிடித்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"என்ன தின்னர் வாசனை?"

அவள் திகைத்துப்போனாள். "ஹெட்லைட்... ஹெட்லைட் பக்கத்துல கீறல். டச்சப் பண்ணேன்."

"யாரு உன்னத் தொடச் சொன்னா? கலர் ஒத்து வராது. வெயில்ல திட்டுத் திட்டாத் தெரியும்." குரலில் ஹாரன் போய்விட்டது, காற்றுதான் வந்தது. ஆனாலும் திட்டினார்.

"தெரிஞ்சா தெரியட்டும். கையெழுத்தைப் போடுங்க. உங்க கால்ல விழறேன்."

"எந்தக் கால்ல?"

அவர் சிரிக்கப் பார்த்தார். அவளால் அதைத் தாங்க முடியவில்லை. "நீங்க போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு ஒரு நிமிஷமாவது நினைச்சீங்களா?"

"கார் இல்லாம நான் இருந்தா மட்டும் உனக்கு என்ன? ஒரு சுமை." கண்ணை மூடிக்கொண்டார். "போட்டோ வரட்டும்."

லேப்புக்குத் திரும்பியவள் குப்பைக்கூடையைக்கூடப் பார்க்கவில்லை. பிளாஸ்டர் அச்சு அப்படியே இருந்தது. புது ஓடு எடுத்தாள். இந்தத் தடவை அடிப்பூச்சு அடித்த ஓட்டை லேப்பின் சூட்டடுப்பு மூடியின் மேல் வைத்துவிட்டு, அது முழுக்கக் காயும் வரை டயர் அராவினாள். நாலு டயரின் அடியையும். நான் சொன்னேன்: "அதெல்லாம் போட்டோவுல தெரியாதும்மா, விடு." "அவருக்குத் தெரியும்" என்றாள். சுரண்டிக்கொண்டுவந்த பெயின்டை ஜன்னல் வெளிச்சத்தில், பல்லுக்கு நிறம் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்துப் பார்த்துப் பச்சையைக் கலந்தாள். சுருங்கவில்லை. பின்கதவின் ஒட்டு வந்தது, மஞ்சள் பெட்டி வந்தது, பம்பரின் வளைவு வந்தது. வைப்பர் சரியான பக்கம் படுத்தது.

இனி ஹெட்லைட்டை உடைக்க வேண்டும். கையில் ஊசியை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். "இந்த வண்டி முழுசா இருக்கறதே இதுல மட்டும்தான் அண்ணி" என்றாள். பிறகு கரண்டிக் காம்பால் இடது பக்கம் மெல்ல அழுத்தி, குமிழை நொறுக்கிவிட்டாள்.

போட்டோ எடுக்கக் கூட்டிவந்த ஸ்டூடியோக்காரர் அவர்கள் வீட்டுத் தெருவில் ஒரு மேஜை போட்டார். மேஜை மேல் தார் ரோட்டின் நிறத்தில் உப்புத்தாள். அதன் மேல் கார். அதற்குப் பின்னால், தள்ளி, நிஜ வீடு, நிஜ வாசல். கேமராவைக் கீழே இறக்கி, மேஜையின் விளிம்பு வாசல் தரையோடு சேர்கிற வரை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கிட்டத்தில் இருக்கும் சின்னது, தூரத்தில் இருக்கும் பெரியதோடு சமமாகிவிட்டது. நிழல்தான் காட்டிக்கொடுக்குமோ என்று நான் பயந்தேன். "ரெண்டுக்கும் ஒரே சூரியன்தானேம்மா, பொருந்திப்போகும்" என்றார்.

எடுக்கிற நேரம் பார்த்துத் தூறல். நின்றதும் எடுத்தோம். ஓடிப்போய்க் கழுவிப் பார்த்தால், பானெட் மேல் பூசணிக்காய் பூசணிக்காயாகத் தண்ணீர்த்துளிகள். ஸ்டூடியோக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "காரைச் சின்னதாக்கலாம். தண்ணியைச் சின்னதாக்க முடியாதே."

திரும்பவும் தெரு. திரும்பவும் மேஜை. காரைத் துணியால் ஒற்றினாள். அதற்குள் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்தார். முட்டியில் சிவப்பு. டாக்டர், இன்றைக்கு வெளிச்சம் போவதற்குள் என்று சொல்லிவிட்டாராம்.

"கண்ணாடித் தூள் இல்ல" என்றாள் நாத்தனார் திடீரென்று. "ஹெட்லைட் உடைஞ்சா பம்பர் மேல கண்ணாடி சிதறியிருக்கும். அது இல்லைன்னா நம்பமாட்டார்."

ஒரு பல்பை நசுக்கித் தூவிப் பார்த்தாள். மாவு கொட்டிய மாதிரி இருந்தது. ஸ்டூடியோக்காரரின் டீ ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சீனிக் கிண்ணம். அதில் கை விட்டாள். சீனியின் ஒவ்வொரு பரலும் சதுரம் சதுரமாக, வெயில் பட்டதும் உடைந்த கண்ணாடியாகவே மின்னியது. பம்பர் மேல் கொஞ்சம், கீழே ரோட்டில் கொஞ்சம். ஸ்டூடியோக்காரர் வெயில் மேகத்திலிருந்து வெளியே வரும்வரை காத்திருந்து, எடுத்தார்.

கழுவிய படத்தின் ஈரம் காய்வதற்குள் மூன்று பேரும் பூதக்கண்ணாடியைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தோம். டயர் உட்கார்ந்திருந்தது. நிழல் பொருந்தியிருந்தது. கண்ணாடித் தூள் மின்னியது. அவர்கள் வீட்டு வாசலில், இடது ஹெட்லைட் உடைந்த பாசிப் பச்சை டாக்ஸி நின்றது. ஒரு குறை கிடையாது. அவள் செய்ததிலேயே குறை இல்லாத கார் அது ஒன்றுதான்.

கட்டிலில் இருந்தவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. டயரைப் பார்த்தார். பம்பரைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு படத்தை இறக்கி, அவள் கையைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்துகிடந்தது. திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"இடது ஹெட்லைட்டுதான்" என்றார். "பேனாவக் குடு."

கையெழுத்துப் போட்டதும் படத்தைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டார். நர்ஸ் ஆசையாகக் கேட்டாள், காட்டவில்லை. டாக்டர் கேட்டார், அவருக்கும் காட்டவில்லை. காரின் மேல் அவ்வளவு பாசம் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முட்டி மிஞ்சவில்லை. உயிர் மிஞ்சியது.

வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று வாசலில் கார் இல்லை. அது வழக்கமாக நிற்கும் இடத்தில் ஆயில் சொட்டிய கறை மட்டும் இருந்தது. என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த நாத்தனார், மருந்துப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். அவர் கறையைக் கொஞ்சநேரம் பார்த்தார். "உள்ள கூட்டிட்டுப் போ" என்றார். ஒரு சத்தம் போடவில்லை. மருந்து மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது அவர் டாக்ஸி ஸ்டாண்டில் போன் எடுக்கிறார். அந்தக் குரலுக்கு ஏற்ற வேலை. ஒரு சாண் டாக்ஸி அலமாரியில் நிற்கிறது. ஹெட்லைட்டை அவள் இன்றுவரை சரிசெய்யவில்லை. மற்றக் கார்களைச் செய்கிறாள், அவர் குறை சொல்கிறார், பிய்த்து ஒட்டுகிறாள். அந்தப் படத்தை மட்டும் அவர் பர்ஸைவிட்டு எடுத்து நான் பார்த்ததில்லை.

இதுவரைக்கும் எழுதியதை அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன். நாத்தனார் மேஜையில் ஏதோ கதவுக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை, காது மட்டும் என் பக்கம் இருந்தது. அவர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஒரு குறை கிடையாது" என்ற இடத்தில் தொண்டையைக் கனைத்தார். நான் கவனிக்காத மாதிரி கடைசி வரை படித்துவிட்டேன். அவர் பர்ஸை எடுத்தார், படத்தை எடுத்தார், அவள் மேஜையில், அவள் பூதக்கண்ணாடிக்கு நேர் கீழே வைத்தார்.

"மத்ததெல்லாம் இருக்கட்டும் அக்கா, அந்தக் குறை கிடையாதுங்கறத அடிச்சுடுங்க. அச்சுல வர்றது தப்பாப் போகக் கூடாது. பம்பருக்குக் கீழ நிழல்ல பாருங்க. எறும்பு. சீனிக்கு வந்திருக்கு, பூனைக்குட்டி அளவுக்கு நிக்குது, மீசையெல்லாம் தெரியுது. பார்த்த உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, கார் போயிடுச்சுன்னு. கிழிச்சுப் போடலாம்னுதான் இருந்தேன். அப்புறம் திரும்ப டயரைப் பார்த்தேன். நாலையும் அராவியிருந்தா. சாகப்போறவன் பார்க்கறதுக்கு நாலு டயரையும் அராவியிருந்தா. அப்படிப்பட்டவகிட்ட எறும்பு இருக்குன்னு எப்படிச் சொல்றது? அதான் கையெழுத்துப் போட்டுட்டுப் போட்டோவைத் தலையணைக்கு அடியில வெச்சுக்கிட்டேன். கார் மேல பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த நர்ஸு பார்த்துட்டு இவகிட்ட சொல்லித் தொலைச்சுட்டா?"